களவு போன செல்வம் யார் கைக்குத் திரும்பும்?

2025 மே 29 ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டு முன்னாள் அமைச்சர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. மகிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 வருடமும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடமும் கடூழியச் சிறை. 2015 ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், விளையாட்டுக் கழகங்களுக்குக் கொடுப்பதற்கென்று சதொச மூலம் 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் இறக்குமதி செய்யப்பட்டன. அதில் அரசுக்கு 53 மில்லியன் ரூபா நட்டம் என்பதுதான் வழக்கு.

மானிப்பாயில் எந்தச் சனசமூக நிலையத்துக்குப் போனாலும் ஒரு கரம் பலகை இருக்கும். மூலையில் வலை கிழிந்திருக்கும், விளிம்பு தேய்ந்திருக்கும், பின்னேரத்தில் நாலு பெடியள் மாவைத் தூவி ஆடிக்கொண்டிருப்பார்கள். பத்திரிகையில் வரும் பில்லியன் கணக்கு நம்மில் பலருக்குப் பிடிபடாது. கரம் பலகை வாங்கியதில் அரச காசு போனது என்றால் எல்லாருக்கும் விளங்கும். அதனால்தான் இந்தத் தீர்ப்பு ஊருக்குள் அவ்வளவு பேசப்பட்டது. பேசியவர்களில் பெரும்பாலானோர் சிறைத்தண்டனையோடு நின்றுவிட்டார்கள். காசு எங்கே, அது எப்போது திரும்பும், திரும்பினால் யாரிடம் போகும் என்ற கேள்விகளைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரையின் கேள்விகள் அவைதான்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி இங்கே முதலிடத்துக்கு வருவது அதுவே முதற்தடவை. இன ரீதியான கோரிக்கைகளை நம் மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் சொல்லக் கூடாது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களும், அதற்கு முந்தைய வருடம் உரத் தடையால் வெங்காயப் பயிரையும் உருளைக்கிழங்கையும் பறிகொடுத்த வலிகாமத்துச் செம்பாட்டு விவசாயிகளும், கள்ளரைப் பிடிப்போம் என்று சொன்னவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வாக்குறுதியின் சட்ட வடிவம் 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குற்றச் செயல்களின் வருவாய் பற்றிய அந்தச் சட்டம், 2025 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஆகும். களவாடிய சொத்தைத் தேடுவதற்குப் பொலிஸில் தனிப் பிரிவும், முடக்கப்பட்ட சொத்தைப் பராமரிப்பதற்குத் தனி அதிகாரசபையும் அதன்படி வருகின்றன. 2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆளுகை பற்றிய அறிக்கை இப்படியொரு சட்டத்தை வற்புறுத்தியிருந்தது. 2022 போராட்டத்தில் காலிமுகத்திடலில் நின்ற இளைஞர்கள் அதற்கு முன்னரே, எடுத்த காசைத் திருப்பித் தா என்று கேட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்த நாடு இந்தப் பாதையில் கால் வைப்பது இது முதல் முறையில்லை. புதிய அமைப்பிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று கணிக்க விரும்புபவர் 2015 க்குத் திரும்பிப் போக வேண்டும்.

2015 ஜனவரி 8 இல் மகிந்த ராஜபக்ஷ தோற்றார். அடுத்த சில மாதங்களுக்குள் அமைப்புகள் வரிசையாக முளைத்தன. பெப்ரவரியில் பொலிஸில் நிதி மோசடி விசாரணைப் பிரிவு, அதாவது எல்லாரும் எப்.சி.ஐ.டி. என்று அழைத்த பிரிவு. பாரிய மோசடிகளை விசாரிக்க ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு. அரச சொத்துகளை மீட்க, சட்டத்தரணி ஜே.சி. வெலியமுன தலைமையில் ஒரு ஜனாதிபதி செயலணி. களவாடப்பட்ட சொத்தை மீட்பதற்கு உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் சபையும் 2007 இல் சேர்ந்து தொடங்கிய அமைப்பிடமும் உதவி கேட்கப்பட்டது. அப்போது வெளிநாட்டு அமைச்சராயிருந்த மங்கள சமரவீர, 18 பில்லியன் டொலர் வரை நாட்டை விட்டுப் போயிருக்கிறது என்றார். ராஜபக்ஷ குடும்பம் மறுத்தது. அந்தத் தொகையில் குறிப்பிடத்தக்க எதுவும் திறைசேரிக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. விசாரித்தவர்களிடம் கணக்காய்வுத் திறனும் வெளிநாட்டு வங்கிச் சட்ட அறிவும் போதாமல் இருந்தன. விசாரணை முடிந்த கோவைகள் சட்டமா அதிபர் திணைக்களத்தில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தன. ஊழல் வழக்குகளுக்கென்று விசேட மேல் நீதிமன்றம் அமைக்கும் சட்டத் திருத்தம் 2018 இல்தான் வந்தது. ஆட்சியின் ஐந்து வருடத்தில் மூன்றுக்கு மேல் அதற்குள் கழிந்துவிட்டன. எல்லாவற்றையும் விட மோசமானது, மீட்க வந்தவர்களின் வீட்டுக்குள்ளேயே தீப்பிடித்தது. 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி மத்திய வங்கியின் திறைசேரி முறி ஏலத்தில் நடந்த விவகாரம் அந்த அரசாங்கத்தின் தார்மீக பலத்தை வந்த இரண்டாம் மாதமே உறிஞ்சிவிட்டது. ஆளுநராயிருந்த அர்ஜுன மகேந்திரன் சிங்கப்பூருக்குப் போனார். அவரைத் திருப்பி அழைக்கும் முயற்சிகள் பலிக்கவில்லை. தன் கை சுத்தமில்லாதவன் இன்னொருவன் பையைச் சோதிக்கப் போனால் ஊர் அவனை நம்பாது.

தீர்ப்பு வரை போன வழக்குகளும் நிலைக்கவில்லை. 2015 தேர்தலுக்கு முன், சில் அனுட்டிக்கும் பௌத்தர்களுக்கு வெள்ளைத் துணி பங்கிடத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபா பயன்பட்டது என்பது ஒரு வழக்கு. 2017 செப்டெம்பரில் ஜனாதிபதியின் முன்னாள் செயலாளர் லலித் வீரதுங்கவுக்கும் ஆணைக்குழுவின் முன்னாள் பணிப்பாளர் நாயகம் அனுஷ பெல்பிட்டவுக்கும் மேல் நீதிமன்றம் மூன்று வருடக் கடூழியச் சிறை விதித்தது. ஒவ்வொருவரும் 50 மில்லியன் ரூபாவை ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. நட்டத்தைத் தண்டனையோடு இணைத்த அபூர்வமான தீர்ப்பு அது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. மேன்முறையீடு யாருக்கும் உள்ள உரிமை, விடுதலையானவர் நிரபராதி. அதில் நான் கை வைக்கவில்லை. நான் சுட்டுவது வேறு. குற்றத் தீர்ப்பின் முதுகில் மட்டும் சொத்து மீட்பை ஏற்றினால், தீர்ப்பு சாயும்போது மீட்பும் சேர்ந்து சாய்ந்துவிடும்.

2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். எப்.சி.ஐ.டி. ஓரங்கட்டப்பட்டது. அவருடைய பெற்றோரின் நினைவு நூதனசாலைக்கு அரச பணம் செலவழிக்கப்பட்டதாக அவர் மீதிருந்த வழக்கு, பதவியிலுள்ள ஜனாதிபதி மீது வழக்கு நடத்த முடியாது என்பதால் கைவிடப்பட்டது. 2020 ஜனவரியில் ‘அரசியல் பழிவாங்கல்’ பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு வந்தது. விசாரித்தவர்களை விசாரிப்பது அதன் வேலையாயிற்று. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்த ஷானி அபேசேகர இடம் மாற்றப்பட்டார், 2020 ஜூலையில் கைது செய்யப்பட்டார், ஏறக்குறைய ஒரு வருடம் சிறையிலிருந்தார். அவரோடு வேலை செய்த அதிகாரி நிஷாந்த சில்வா சுவிற்சர்லாந்துக்குத் தப்பிப் போனார். களவைத் தேடிய அதிகாரி சிறைக்கும் நாட்டுக்கு வெளியேயும் போன அந்தக் காட்சியை ஒவ்வொரு பொலிஸ் பரிசோதகரும் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஆட்சி மாறினால் என் கதி என்ன என்று கேட்கும் அதிகாரி ஆழமாகத் தோண்ட மாட்டார். புதிய அமைப்பின் முதற் பகை இந்தப் பயம். பழைய ஊழல்வாதிகள் அதற்கு அடுத்துத்தான் வருகிறார்கள்.

காசு எப்படி வெளியே போகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான எடுத்துக்காட்டை இலங்கையின் எந்த விசாரணைப் பிரிவும் கண்டுபிடிக்கவில்லை. பிரித்தானியாவின் பாரிய மோசடி அலுவலகம் கண்டுபிடித்தது. 2013 இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் எயார்பஸ் நிறுவனத்திடமிருந்து ஆறு ஏ330 விமானங்களையும் நான்கு ஏ350 விமானங்களையும் வாங்க உடன்பட்டது. அந்தக் கொள்வனவோடு தொடர்புள்ள ஒருவரின் மனைவி பெயரில் புரூணையில் ஒரு நிறுவனம் பதிவாகியிருந்தது. அந்த நிறுவனம் எயார்பஸுக்கு வேலை செய்வதாகக் காட்டி, 16.84 மில்லியன் டொலர் வரை கொடுப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டு, அதில் 2 மில்லியன் கொடுக்கவும்பட்டது. 2020 ஜனவரி 31 ஆம் திகதி இலண்டன் நீதிமன்றத்தில் எயார்பஸ் இவற்றை ஏற்றுக்கொண்டது. சில நாட்களில் ஸ்ரீலங்கனின் முன்னாள் பிரதம நிறைவேற்று அதிகாரி கபில சந்திரசேனவும் அவருடைய மனைவியும் கொழும்பில் கைதாகினர். 2024 டிசம்பரில் அமெரிக்கா அவரைத் தன் மண்ணில் கால் வைக்க முடியாதவர்கள் பட்டியலிலும் சேர்த்தது.

எயார்பஸ் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 3.6 பில்லியன் யூரோ தண்டம் கட்டியது. பிரித்தானியாவின் பங்கு மட்டும் 991 மில்லியன் யூரோ. விமானத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தவர் யார்? நட்டத்தில் ஓடும் விமான சேவையை வருடா வருடம் வரிப்பணத்தால் தாங்கும் இலங்கையர். மானிப்பாயில் சங்கக்கடைக்குப் போய் ஒரு கிலோ சீனி வாங்குபவர் கட்டும் வரியும் அதில் சேர்த்தி. அந்தத் தண்டத்தில் ஒரு சதமும் இங்கே வரவில்லை. கொடுத்தவன் பக்கத்து நாடுகளில் சட்டம் வேலை செய்து, இழந்தவன் நாட்டுக்கு எதுவும் மிஞ்சாத இந்த ஏற்பாடு அநீதியானது. 2003 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட ஊழலுக்கெதிரான சமவாயத்தின் ஐந்தாம் அத்தியாயம் சொத்தைத் திருப்புவதை அடிப்படைக் கோட்பாடு என்கிறது. இலங்கை 2004 மார்ச்சிலேயே அதை ஏற்றுறுதி செய்த நாடு. ஆனாலும் கேட்டு வாங்குவதற்கு ஒரு வலுவான அலுவலகம் இல்லாத நாட்டுக்குச் சமவாயம் ஒன்றும் செய்து தராது.

இதற்குப் பக்கத்தில் வதந்திகளின் உலகத்தை வைத்துப் பாருங்கள். 2021 பெப்ரவரியில் ஸ்ரீலங்கன் சரக்கு விமானங்கள் உகண்டாவின் என்டபேக்கு 102 தொன் அச்சிட்ட தாள்களைக் கொண்டு போயின. இலங்கையிலுள்ள பன்னாட்டு அச்சகம் ஒன்று வேற்று நாடுகளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நாணயத்தாள்கள் அவை. அது ராஜபக்ஷக்களின் காசு என்ற கதை இன்றைக்கும் தேநீர்க் கடையில் ஓடுகிறது. இப்படியான கதைகள் கள்ளருக்குத்தான் உதவும். பொய்யான பெரிய தொகை ஒன்று பொய்யென்று தெரிய வரும்போது, உண்மையான சிறிய தொகையையும் ஆட்கள் நம்பாமல் விடுவார்கள். பன்டோரா ஆவணங்கள் 2021 ஒக்டோபரில் வெளிவந்தபோது முன்னாள் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்ஷ, அவருடைய கணவர் திருக்குமார் நடேசன் ஆகியோரின் வெளிநாட்டு நிறுவனங்கள் பற்றிய விபரங்களும், 31 ஓவியங்கள் ஜெனீவாவின் வரியற்ற களஞ்சியத்துக்குப் போன செய்தியும் ஆதாரத்தோடு வெளியாகின. தாம் தவறேதும் செய்யவில்லை, சுதந்திரமான விசாரணை நடக்கட்டும் என்று நடேசன் ஜனாதிபதிக்கு எழுதினார். மல்வானையில் 16 ஏக்கர் காணி தொடர்பாக அவர் மீதும் பசில் ராஜபக்ஷ மீதும் இருந்த வழக்கில் 2022 இல் கம்பஹா மேல் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தெரிந்த அமைப்பு வேண்டும் என்பதற்கு இவையெல்லாம் சான்று. மேடையில் வீசப்படும் தொகைகளால் ஒரு காணி உறுதியைக்கூட மாற்ற முடியாது.

இப்படியான அமைப்பை முற்கூட்டியே கட்டியவர்கள் பிலிப்பைன்ஸ் மக்கள். அவர்களுடைய அனுபவத்தை நம்மவர் ஊன்றிப் படிக்க வேண்டும். 1986 பெப்ரவரி 25 ஆம் திகதி பெர்டினண்ட் மார்க்கோஸ் ஹவாய்க்கு ஓடினார். மூன்றாம் நாள், 28 ஆம் திகதி, புதிய ஜனாதிபதி கொராசன் அக்கினோ தன் முதலாவது நிறைவேற்றுக் கட்டளையால் நல்லாட்சிக்கான ஜனாதிபதி ஆணைக்குழுவை அமைத்தார். தலைவர் ஜோவிட்டோ சலோங்கா. மார்க்கோஸ் குடும்பமும் கூட்டாளிகளும் 5 முதல் 10 பில்லியன் டொலர் வரை எடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மாளிகையில் விட்டுப்போன கடதாசிகளிலிருந்து சுவிஸ் வங்கிக் கணக்குகள் வெளிப்பட்டன. 1968 இல் திறந்தவை. கணவன் ‘வில்லியம் சோண்டர்ஸ்’ என்றும் மனைவி ‘ஜேன் ரயன்’ என்றும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

சுவிஸ் அரசாங்கம் 1986 மார்ச்சிலேயே கணக்குகளை முடக்கியது. காசு மணிலாவுக்கு வர எவ்வளவு காலம் எடுத்தது? 1997 இல் சுவிஸ் உயர் நீதிமன்றம் அதை மணிலாவுக்கு மாற்ற அனுமதித்தது. 2003 ஜூலையில் பிலிப்பைன்ஸ் உயர் நீதிமன்றம் 658 மில்லியன் டொலரை அரசுக்குச் சொந்தமாக்கியது. 2004 இல் அது திறைசேரிக்கு வந்தது. ஓடிய நாளிலிருந்து பதினெட்டு வருடம். அந்த ஆணைக்குழு இன்றும் இருக்கிறது. பல பத்தாண்டுகளில் அது 170 பில்லியன் பெசோவுக்கு மேல் மீட்டது. ஆனால் அதே காலத்தில் முடக்கிய நிறுவனங்களைப் பராமரித்த விதத்தில் அதன் அதிகாரிகள் மீதே புகார்கள் வந்தன, வழக்குகள் தொழில்நுட்பக் காரணங்களில் விழுந்தன, 2018 இல் குற்றவாளியாகக் காணப்பட்ட இமெல்டா மார்க்கோஸ் ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லை, 2022 இல் மகன் ஜனாதிபதியானார். இதையெல்லாம் பார்த்து, அந்த அமைப்புத் தோற்றது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆட்சி மாறி மாறி வந்தும் கலைக்கப்படாமல் நின்றதே அதன் பெரிய வெற்றி. நம்முடைய 2015 முயற்சி ஓர் ஆட்சி மாற்றத்தைத் தாங்கவில்லை.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் வடக்கில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். 2013 பெப்ரவரி 25 ஆம் திகதி கையெழுத்தான 10368 ஆம் இலக்கச் சட்டம், சுவிஸிலிருந்து வந்த காசில் 10 பில்லியன் பெசோவைத் தனியே ஒதுக்கி, மார்க்கோஸின் இராணுவச் சட்டக் காலத்தில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கும் காணாமலாக்கப்பட்டோர், கொல்லப்பட்டோர் குடும்பங்களுக்கும் இழப்பீடாகக் கொடுத்தது. அதற்கென ஒரு சபை அமைத்து, மனுக்களை விசாரித்து, 11,103 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றார்கள். களவும் கொடுமையும் ஒரே ஆட்சியின் இரண்டு கைகள், ஒரு கை எடுத்ததை மற்றக் கையால் காயப்பட்டவனுக்குக் கொடு என்பது அந்தச் சட்டத்தின் சாரம். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது பெருந்தொகை இல்லை. ஆனாலும் அரசு தன் ஏட்டில் அவர்களுடைய பெயரை எழுதியது.

மற்ற நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். நைஜீரியாவின் சானி அபாச்சா 1998 இல் இறந்த பின் சுவிற்சர்லாந்து முதலில் சுமார் 700 மில்லியன் டொலரைத் திருப்பியது. பிறகு 2017 உடன்படிக்கையின்படி 321 மில்லியன், உலக வங்கியின் கண்காணிப்பில், ஏழைக் குடும்பங்களுக்கு நேரே கொடுப்பனவாகப் போகும் நிபந்தனையோடு திரும்பியது. முதற் தடவை எப்படிச் செலவானது என்று கேள்வி எழுந்ததால்தான் இரண்டாம் தடவை நிபந்தனை வந்தது. மலேசியாவில் 1எம்.டி.பி. என்ற அரச நிதியத்தின் ஊழலில் ஒரு பிரதமரே சிறைக்குப் போனார், கோல்ட்மன் சாக்ஸ் வங்கி 2020 இல் 3.9 பில்லியன் டொலர் பெறுமதியான உடன்பாட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1991–96 ஆட்சிக் காலத்துச் சொத்துக்குவிப்பு வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா தொடர்பாகப் பறிமுதலான 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்கமும் 1,526 ஏக்கர் காணி ஆவணங்களும் 2025 பெப்ரவரியில்தான் பெங்களூரு நீதிமன்றத்திலிருந்து தமிழக அரசின் கைக்கு வந்தன. அவர் இறந்து எட்டு வருடம் கழிந்திருந்தது. எங்கும் இந்த வேலை நீளமானது. ஐந்து வருட ஆட்சிக்குள் முடித்துக் காட்டுவோம் என்று வாக்குறுதி கொடுப்பவர் விடயம் தெரியாதவர்.

இந்த வெளிச்சத்தில் நம்முடைய 2025 சட்டத்தைப் பார்த்தால் அதன் முதல் நன்மை தெரியும். ஆளைக் குற்றவாளி எனக் காணாமலேயே, சொத்து குற்றத்திலிருந்து வந்தது என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால் பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. சந்தேகநபர் இறந்தாலும் ஓடினாலும் காணியும் கணக்கும் ஓட முடியாது. இதோடு 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வலுப்பெற்ற இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவும் சேர்ந்து, சொத்து விபரங்களை ஆண்டுதோறும் வெளியிடும் முறையும் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தைச் சொல்லத் தேவையில்லை. மச்சான் பெயரில் ஒரு நன்கொடை உறுதி, மாமி பெயரில் ஒரு காணி, வெளிநாட்டில் இருப்பவரின் அற்றோர்னித் தத்துவத்தில் ஒரு விற்பனை. பினாமி இப்படித்தான் நடக்கும். உறுதியில் இருக்கும் பெயருக்கும் காசு கொடுத்த கைக்கும் இடையிலான தூரத்தை அளக்கும் அதிகாரம் இப்போது சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் இதே அதிகாரம் ஆபத்தானதும்கூட. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த சமூகம் நாங்கள். தீர்ப்பில்லாமல் சொத்து பறிபோவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். புலம்பெயர்ந்த பிள்ளை அனுப்பிய காசில் மானிப்பாயில் வீடு கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் போய் காசின் மூலம் என்ன என்று கேட்டு அலைக்கழிக்கவும், கொழும்பில் செல்வாக்குள்ளவரைத் தொடாமல் விடவும் ஒரு மோசமான அதிகாரியால் இயலும். ஆகவே இந்த அமைப்பின் நியமனங்கள் அரசாங்கத்தின் கைக்கு வெளியே இருக்க வேண்டும். முடக்கப்பட்ட ஒவ்வொரு சொத்தின் விபரமும் வருடந்தோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதோடு அரசாங்கத்தில் இன்று இருப்பவர்கள் மீது வரும் புகாரையும் அது அதே கண்ணோடு பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையில்தான் 2015 ஆட்சி தோற்றது.

இனி வடக்கின் கணக்கு. கொழும்பில் ‘முன்னைய ஆட்சி’ என்றால் ராஜபக்ஷ ஆட்சி. எங்கள் மண்ணில் பல ஆட்சிகள் இருந்தன, பல கைகள் எடுத்தன. இதை நேர்மையோடு எழுத வேண்டும்.

விடுதலைப் புலிகள் 1990 களின் தொடக்கத்தில் வீட்டுக்கு இரண்டு பவுண் நகை கேட்டார்கள். தாலிக்கொடியிலிருந்து கழற்றிக் கொடுத்தவர்கள் மானிப்பாயிலும் சுதுமலையிலும் ஆனைக்கோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். 1994 இல் தமிழீழ வைப்பகம் தொடங்கியது. ஆட்கள் அதில் காசு வைத்தார்கள், நகை அடகு வைத்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்தில் ஒரு பகுதி வன்னிக்குப் போனது. அந்த அட்டியல்களும் காப்புகளும் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய் 2009 இல் இராணுவத்தின் கையில் விழுந்தன. பற்றுச்சீட்டு வைத்திருந்தவர்கள் பலர் அதை மெனிக் பாம் முகாமுக்குள் போகும்போதே இழந்துவிட்டார்கள். மகிந்த ராஜபக்ஷ காலத்தில் 2014 இல் ஒரு பகுதி நகை உரியவர்களிடம் விழா எடுத்துக் கொடுக்கப்பட்டது. மிச்சம் பதினைந்து வருடத்துக்கு மேல் இராணுவத்திடம் கிடந்து, 2025 மே மாதத் தொடக்கத்தில் பதில் பொலிஸ்மா அதிபரிடம் கையளிக்கப்பட்டது. நிறையும் தரமும் மதிப்பிடப்பட்டு மத்திய வங்கியில் வைக்கப்படும், உரியவர்களை அடையாளம் கண்டு கொடுக்கப்படும் என்றார்கள்.

1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். நகையும் காசும் பறிக்கப்பட்டு, சில நூறு ரூபாவோடு அவர்கள் போனார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 பேர். அந்தச் செல்வமும் களவாடப்பட்ட செல்வம்தான். எங்கள் நகையைக் கேட்கும் வாய் அவர்களுடைய நகையையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு மதிப்பில்லை.

பிறகு காணி. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை அரசுடைமையாக்க 2013 இல் அறிவித்தல் ஒட்டினார்கள். 2015 க்குப் பிறகு பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தாலும் முழுதும் திரும்பவில்லை. காங்கேசன்துறையில் தனியார் காணியில் இராணுவம் ‘தல்செவன’ என்ற உல்லாச விடுதியை நடத்தியது. அதன் வருமானம் யாருடைய வருமானம்? அமைச்சர் ஒருவர் இலஞ்சக் காசில் வாங்கிய காணியைப் பறிக்கச் சட்டம் இருக்கிறது. உறுதியை வைத்துக்கொண்டு முட்கம்பிக்கு வெளியே நிற்பவருக்கு விதானையாரின் கடிதத்தைத் தவிர ஒன்றுமில்லை. புதிய சட்டம் இந்தக் காணிகளுக்காக எழுதப்படவில்லை என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள், அது சரி. ஆனால் பறித்ததைத் திருப்புதல் என்ற ஒரே கொள்கையை அரசு தெற்கில் ஊழலுக்கும் வடக்கில் காணிக்கும் இரண்டு விதமாக வைத்திருக்க முடியாது.

பாதிக்கப்பட்டவரிடம் பணத்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பது நம் நீதிமன்றங்களுக்கு இயலாத காரியமில்லை. சுன்னாகம் அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நிறுவனம் 20 மில்லியன் ரூபாவை அந்தப் பகுதி மக்களுக்கு இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்றது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தொகை சிறியது. ஆனால் கெடுத்தவனிடமிருந்து கெட்ட கிணற்றுக்காரனுக்கு என்ற கோடு நேராக இருந்தது. 2023 நவம்பர் 14 ஆம் திகதி அதே உயர் நீதிமன்றம் நாட்டின் பொருளாதார வீழ்ச்சிக்குக் கோத்தாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் பொறுப்பு என்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. மனுதாரருக்கு 150,000 ரூபா செலவுத்தொகை. மருந்தில்லாமல் வைத்தியசாலைக் கதவில் நின்றவர்களுக்கு, ஊழியர் சேமலாப நிதியின் பெறுமதியை இழந்தவர்களுக்கு எதுவுமில்லை. மனுதாரர்களும் இழப்பீடு கேட்டிருக்கவில்லை, உண்மைதான். ஆனால் பொறுப்பாளி இருக்கிறார், பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், நடுவில் வழியில்லை. அந்த வழியைக் கட்டுவதுதான் சொத்து மீட்பு அமைப்பின் வேலையாக இருக்க வேண்டும்.

மீட்ட காசு திறைசேரியின் பொதுக் கணக்கில் விழுந்தால் அது ஒரு வாரத்துக்குக்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கடன் வட்டியில் கரைந்துவிடும். தனி நிதியமாக, தனிக் கணக்காக, எந்த வழக்கிலிருந்து எவ்வளவு வந்தது, எந்தப் பாடசாலைக்கு, எந்த மருத்துவமனைக்கு, எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போனது என்று மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும். மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை போர்க்காலத்தில் நலிந்து, ஊரவரும் வெளிநாட்டில் உள்ளவர்களும் சேர்த்துக் கொடுத்த காசில் மீண்டும் நிமிர்ந்தது. நூற்றாண்டு கண்ட மானிப்பாய் இந்துக் கல்லூரியிலும் பழைய மாணவரின் கொடை இல்லாத கட்டிடம் குறைவு. அரசு செய்ய வேண்டியதை ஊர் தன் கைக்காசில் செய்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் அரச காசு வெளியே போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஊருக்குக் கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து நாடாளுமன்றம் போன ஆறு பேரிடமும், குறிப்பாக அரசாங்கப் பக்கம் இருக்கும் மூவரிடமும், ஒரு கோரிக்கை. வன்னியில் எடுக்கப்பட்ட நகைகளின் பட்டியலை, ஒவ்வொன்றின் நிறையோடும் அடையாளத்தோடும், திகதி குறித்து வெளியிடச் செய்யுங்கள். உரிமை கோருவதற்குப் பற்றுச்சீட்டு மட்டுமே சான்று என்று வைக்காதீர்கள். கல்யாணப் படத்தையும் விதானையாரின் உறுதிப்படுத்தலையும் அயலவரின் சத்தியக் கடதாசியையும் ஏற்கச் செய்யுங்கள். வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்களுக்கும் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். வாசகர்களுக்கும் ஒரு சொல்: வீட்டில் வைப்பகத்தின் பழைய துண்டு ஏதாவது, நகையோடு எடுத்த படம் ஏதாவது இருந்தால் இன்றே பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், கொடுத்த அம்மாமார் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.